பில்டரில் போட்டிருக்கும் மைக்ரானை நம்பி வாங்கலாமா?

ஹைட்ராலிக் எண்ணெயை எப்போது மாற்ற வேண்டும் என்று முன்பு ஒரு இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எண்ணெயை விட்டுவிட்டு பில்டரைக் கேட்கின்றன. சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். 34 வருடம் பிரஸ், மோல்டிங் மெஷின், பவர் பேக் என்று பராமரிப்பிலேயே இருந்தவன் நான். எண்ணெய் தானாகக் கெட்டுப்போய் நின்ற மெஷினை விட, எண்ணெயில் இருந்த அழுக்கால் நின்ற மெஷின்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இந்த இதழ் முழுக்க பில்டருக்கே.

கோவை குறிச்சி சிட்கோவிலிருந்து ஒரு பட்டறை உரிமையாளர்: எங்கள் 100 டன் பிரஸ்ஸுக்கு ரிட்டர்ன் லைன் (எண்ணெய் டேங்குக்குத் திரும்பும் குழாய்) பில்டருக்கு எலிமென்ட், அதாவது உள்ளே வைக்கும் வடிகட்டி, வாங்கப் போனேன். நீளம், விட்டம், ஓ-ரிங் எல்லாம் ஒன்றாக இரண்டு எலிமென்ட் காட்டினார்கள். இரண்டிலும் 10 மைக்ரான் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல நான்கு மடங்கு. "ரெண்டும் ஒண்ணுதான் சார், பேருக்குத்தான் காசு" என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: உண்மை இல்லை. ஆனால் கடைக்காரர் பொய் சொல்லவும் இல்லை. எலிமென்ட்டின் மேல் அச்சடித்த எண்ணைத் தவிர அவரிடம் வேறு தகவல் இருந்திருக்காது.

ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய தூசி 40 மைக்ரான் சுமார். அப்படியானால் 10 மைக்ரான் துகளை நீங்களும் பார்க்க முடியாது, நானும் பார்க்க முடியாது. எலிமென்ட் அதைப் பிடித்ததா விட்டதா என்பதைச் சோதனைக் கூடத்தில் எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

அந்தச் சோதனைக்கு ஐஎஸ்ஓ 16889 என்று பெயர். எண்ணெயில் அளவு தெரிந்த தூசியைக் கலந்து, அதே எண்ணெயை எலிமென்ட் வழியே திரும்பத் திரும்பச் சுற்ற விடுவார்கள். பில்டருக்கு முன்னால் 10 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள் எத்தனை, பில்டரைத் தாண்டிய பிறகு எத்தனை என்று கருவி எண்ணும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவதுதான் பீட்டா. 10,000 துகள் உள்ளே போய் 5,000 வெளியே வந்தால் பீட்டா 2. வெளியே வந்தது 50 என்றால் பீட்டா 200. வெறும் 10 என்றால் பீட்டா 1000.

இப்போது உங்கள் இரண்டு எலிமென்ட்டுக்கு வருவோம். மலிவானது பெரும்பாலும் காகித எலிமென்ட்டாக இருக்கும். அதில் 10 மைக்ரான் என்பது 'நாமினல்' கணக்கு. நாமினல் என்றால் இத்தனை சதவீதம் பிடித்தே ஆக வேண்டும் என்று பொதுவான விதி கிடையாது. ஒருவர் பாதியைப் பிடித்தாலும் 10 என்று போடுவார், இன்னொருவர் 90 சதவீதம் பிடித்தால்தான் போடுவார். விலை கூடியது கண்ணாடி இழை எலிமென்ட் என்றால், அது 'அப்சல்யூட்' கணக்கு. பீட்டா 200 அல்லது 1000 என்று தாளில் எழுதித் தருவார்கள். ஒன்று 5,000 துகளை விடுகிறது, மற்றது 50 துகளை விடுகிறது. மேலே அச்சடித்த எண் மட்டும் ஒன்று.

காகிதத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. அதன் இழைகள் தடிமனாகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும், அதனால் ஓட்டைகளும் சின்னதும் பெரியதுமாக அமைந்துவிடும். எண்ணெயில் தண்ணீர் கலந்தால் இழை ஊறிப் பருக்கும். மழைக்காலத்தில் நன்றாக இருந்த எலிமென்ட் திடீரென்று அடைத்துக்கொண்டதாக வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

அடுத்த முறை ஆர்டர் எழுதும்போது '10 மைக்ரான் எலிமென்ட் – 2' என்று மட்டும் எழுதாதீர்கள். '10 மைக்ரானில் பீட்டா 200, ஐஎஸ்ஓ 16889 சோதனைப்படி' என்று எழுதுங்கள். பில்டர் கம்பெனித் தாளில் மைக்ரானுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் சின்ன 'சி' எழுத்து இருந்தால், புதிய முறையில் அளவு சரிபார்த்த கருவியால் எண்ணியது என்று பொருள். பழைய தாளின் எண்ணையும் புதிய தாளின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது, இரண்டும் வேறு அளவுகோல். பீட்டா தாள் இல்லாத சரக்கை, விலை எவ்வளவு குறைந்தாலும், நான் வாங்க மாட்டேன்.

சென்னை அம்பத்தூரிலிருந்து ஒரு மெயின்டனன்ஸ் இன்ஜினியர்: எங்களிடம் ப்ரொபோர்ஷனல் வால்வு (மின்சார சிக்னலுக்கு ஏற்ற அளவு திறக்கும் வால்வு) போட்ட இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷின் இருக்கிறது. அழுத்தம் 140 பார், டேங்க் 400 லிட்டர், எண்ணெய் விஜி 46 (எண்ணெயின் கெட்டியைச் சொல்லும் எண்). வருடத்தில் மூன்று தடவை ஸ்பூல் (வால்வுக்குள் முன்னும் பின்னும் நகரும் உருளை) இறுகிவிட்டது. எண்ணெயைச் சோதனைக்கு அனுப்பினோம். 21/19/16 என்று மூன்று எண் வந்திருக்கிறது. எண்ணெய் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. எத்தனை மைக்ரான் பில்டர் போடுவது?

பதில்: அந்த மூன்று எண்ணை அனுப்பியதற்கு நன்றி. பெரும்பாலானவர்கள் பில்டரிலிருந்து தொடங்குகிறார்கள், நீங்கள் எண்ணெயிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள்.

அது ஐஎஸ்ஓ 4406 குறியீடு. ஒரு மில்லிலிட்டர் எண்ணெயில் 4 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகளுக்கு முதல் எண், 6 மைக்ரானுக்கு மேல் உள்ளதற்கு இரண்டாவது, 14 மைக்ரானுக்கு மேல் உள்ளதற்கு மூன்றாவது. 21 என்றால் 10,000-க்கு மேல், 20,000 வரை. 19 என்றால் 2,500-க்கு மேல், 5,000 வரை. 16 என்றால் 320-க்கு மேல், 640 வரை. இதில் முக்கியமான விஷயம், எண் ஒன்று கூடினால் துகள் இரண்டு மடங்கு. இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். அழுக்கு இரட்டிப்பு, அதுதான் வித்தியாசம்.

ப்ரொபோர்ஷனல் வால்வு ஸ்பூலுக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். பெரிய துகள் அந்த இடைவெளிக்குள் நுழையவே முடியாது. அதே அளவில் இருக்கும் 3, 4, 5 மைக்ரான் வண்டல்தான் உள்ளே போய் ஒதுங்கி, மெஷின் கொஞ்ச நேரம் ஒரே நிலையில் நின்றால் கெட்டியாகிவிடும். பிறகு வால்வின் மின்காந்தச் சுருள் (காயில்) இழுத்தாலும் ஸ்பூல் நகராது. அந்த வண்டலை உங்கள் கண் பார்க்காது. எண்ணெய் 'தெளிவாக' இருப்பதை இனி எந்த முடிவுக்கும் சாட்சியாக வைக்காதீர்கள்.

இந்த வகை வால்வுக்கு வழக்கமாக வைக்கும் இலக்கு 18/16/13. உங்கள் வால்வின் கையேட்டில் இதைவிடக் கடுமையாகப் போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்வோ வால்வு என்றால் 16/14/11 வரை இறங்க வேண்டியிருக்கும், வெறும் கியர் பம்பும் கையால் இழுக்கும் வால்வும் என்றால் 20/18/15 போதும். நீங்கள் 21-லிருந்து 18-க்கு வர வேண்டும். மூன்று படி, அதாவது அழுக்கு எட்டில் ஒரு பங்காகக் குறைய வேண்டும்.

18/16/13-ஐப் பிடித்து நிறுத்த 5 மைக்ரானில் பீட்டா 200 அல்லது அதற்கு மேல் உள்ள எலிமென்ட் வேண்டும். எங்கே வைப்பது என்பதில் என் கருத்து இது. வால்வுக்கு முன்னால் பிரஷர் லைனில் ஒன்று, கடைசிக் காவலுக்கு. உண்மையான சுத்தம் செய்யும் வேலையை ஆஃப்லைன் லூப்புக்குக் கொடுங்கள். தனியாக ஒரு சின்ன பம்ப், நிமிடத்துக்கு 12, 13 லிட்டர். டேங்கிலிருந்து எடுத்து 3 மைக்ரான் எலிமென்ட் வழியாகத் திரும்ப டேங்குக்கே விடும். மெயின் மெஷின் நின்றாலும் இது ஓடும். 400 லிட்டர் அரை மணியில் ஒரு சுற்று. சுத்தமான எண்ணெயும் அழுக்கு எண்ணெயும் டேங்கில் கலந்துகொண்டே இருப்பதால் ஒரு சுற்றில் காரியம் ஆகாது. ஏழெட்டுச் சுற்று போக வேண்டும், அதாவது நான்கு மணி நேரம். அதற்குப் பிறகு அடுத்த சாம்பிள் எடுங்கள்.

சாம்பிள் எடுத்த விதத்தையும் கேட்டுவிடுகிறேன். டேங்கின் அடி வடிகுழாயைத் திறந்து பிடித்திருந்தால் அந்த 21/19/16 உங்கள் எண்ணெயின் எண்ணே இல்லை, அடியில் படிந்த சேற்றின் எண். மெஷின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது, ரிட்டர்ன் பில்டருக்கு முன்னால் உள்ள லைனில் எடுங்கள். முதலில் வரும் அரை லிட்டரை வேறு பாத்திரத்தில் விட்டுவிட்டு, சோதனைக் கூடம் தரும் சுத்தமான புட்டியில் பிடியுங்கள். வாட்டர் பாட்டிலில் பிடித்து அனுப்பினால் அந்த ரிப்போர்ட்டை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

ஓசூரிலிருந்து, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆன டிப்ளமோ மாணவர்: ஐயா, எங்கள் பிரஸ்ஸில் ரிட்டர்ன் லைனில் 10 மைக்ரான் இருக்கிறது. அதே ஹவுசிங்கில் (எலிமென்ட் உட்காரும் கூட்டில்) 3 மைக்ரான் போட்டால் இன்னும் சுத்தமாகத்தானே இருக்கும் என்று சூப்பர்வைசர் சொல்கிறார். போடலாமா?

பதில்: தம்பி, இதைப் போட்டுப் பார்த்து அனுபவப்பட்டவன் என்பதால் சொல்கிறேன், பொறுங்கள்.

முன்பு நான் இருந்த ஒரு தொழிற்சாலையில் 200 டன் பிரஸ். எண்ணெய் விஜி 68. இதே யோசனையில் ரிட்டர்ன் ஹவுசிங்கில் 3 மைக்ரான் போட்டோம். அப்போது மார்கழி மாதம். காலை ஷிப்டில் மெஷினைப் போட்டதும் பில்டர் தலையில் அடைப்பைக் காட்டும் சிவப்புப் பொத்தான் மேலே வந்து நிற்கும். அரை மணி கழித்து எண்ணெய் சூடானதும் அழுத்தினால் உள்ளே போய்விடும். "குளிருக்கு அப்படித்தான்" என்று நாங்கள் எல்லோரும் விட்டுவிட்டோம். இரண்டு மாதத்தில் டைரக்ஷனல் வால்வு ஒன்று இறுகி, காயில் கருகியது. கழற்றினால் ஸ்பூல் முழுக்கக் கீறல்.

நடந்தது இதுதான். விஜி 68 எண்ணெய் 40 டிகிரியில் 68 சென்டிஸ்டோக் கெட்டி. 20 டிகிரியில் அதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். கெட்டி எத்தனை மடங்கோ, எலிமென்ட்டைத் தாண்ட வேண்டிய அழுத்தமும் ஏறக்குறைய அத்தனை மடங்கு. போதாததற்கு அதே நீள எலிமென்ட்டில் 10-லிருந்து 3-க்கு இறங்கினால் தடை இன்னும் கூடும். ஹவுசிங்கில் உள்ள பைபாஸ் வால்வு குறிப்பிட்ட அழுத்தத்தில் திறந்துகொள்ளும், பல ரிட்டர்ன் பில்டரில் அது 1.5 பார் சுமார்தான். திறந்தால் எண்ணெய் எலிமென்ட்டைத் தொடாமலே டேங்குக்குப் போகும். 3 மைக்ரான் போட்டுவிட்டோம் என்று நினைத்த நாங்கள், தினமும் காலை அரை மணி நேரம் பில்டரே இல்லாமல் மெஷினை ஓட்டினோம். அந்த அரை மணியில் போன எண்ணெயில் 20, 30 மைக்ரான் துகள் வரைக்கும் இருந்தது.

கடைசியில் ரிட்டர்னில் 10 மைக்ரானையே திரும்பப் போட்டு, ஹவுசிங்கை மட்டும் ஒரு அளவு பெரிதாக்கினோம். பக்கத்தில் ஆஃப்லைனில் 3 மைக்ரான். நான் அங்கே இருந்தவரை அந்த வால்வை மறுபடி கழற்றவில்லை.

உங்கள் சூப்பர்வைசரின் எண்ணம் நல்லதுதான். 3 மைக்ரான் வேண்டுமென்றால் ஹவுசிங்கும் அதற்கேற்ற அளவில் இருக்க வேண்டும் என்று அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அளவு பார்க்கும்போது பம்ப் லிட்டரை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ரிட்டர்ன் லைனில் பம்பை விட அதிகமாக எண்ணெய் வரும். ஒரு உதாரணம்: சிலிண்டர் விட்டம் 100 மில்லிமீட்டர், தண்டு 70. முழுப் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர், தண்டு உள்ள பக்கம் 40. தண்டு உள்ளே போகும்போது பம்ப் நிமிடத்துக்கு 60 லிட்டர் தள்ளினால், மறுபக்கத்திலிருந்து 118 லிட்டர் வெளியே வரும். 60 லிட்டருக்கு வாங்கிய பில்டர் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் பைபாஸ் திறக்கும். கம்பெனித் தாளில் 'நிமிடத்துக்கு 120 லிட்டர்' என்று போட்டிருப்பது எந்தக் கெட்டியில் என்பதையும் பாருங்கள், பெரும்பாலும் 30 சென்டிஸ்டோக் எண்ணெய்க்குச் சொன்னதாக இருக்கும்.

திருப்பூரிலிருந்து: பம்ப் அடிக்கடி தேய்கிறது. பம்புக்குள் அழுக்கே போகாமல் இருக்க சக்ஷனில் (பம்ப் எண்ணெயை இழுக்கும் பக்கத்தில்) 25 மைக்ரான் பில்டர் போட நினைக்கிறேன்.

பதில்: போடாதீர்கள். பம்ப் எண்ணெயை இழுக்க வெளிக்காற்றின் அழுத்தம் மட்டும்தான் உதவிக்கு இருக்கிறது, ஒரு பார்தான். அந்தப் பக்கம் தடை வைத்தால் எண்ணெய்க்குள் வெற்றிடக் குமிழிகள் உண்டாகி, பம்புக்குள் போய் உடைந்து உலோகத்தையே அரித்துவிடும். கூழாங்கல்லை உருட்டுவது போலச் சத்தம் கேட்டால் அதுதான். சக்ஷனில் 100 மெஷ் கம்பி வலை, 149 மைக்ரான், நட்டு போல்ட் போகாமல் தடுக்கப் போதும். பலர் அதையும் வேண்டாம் என்கிறார்கள், நானும் ஏறக்குறைய அந்தக் கட்சிதான். டேங்குக்குள் மூழ்கி இருப்பதால் யாரும் அதைக் கழற்றிப் பார்ப்பதே இல்லை. உங்கள் பம்ப் தேய்வதற்கு முதல் சந்தேகம் அடைத்துப்போன அந்த வலை மேல்தான். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து காற்றாலையில் வேலை செய்யும் டெக்னீஷியன்: எங்கள் கியர்பாக்ஸ் பில்டரில் ஒரே எலிமென்ட்டில் 10 மைக்ரான், 50 மைக்ரான் என்று இரண்டு எண் போட்டிருக்கிறது. இது எதற்கு?

பதில்: ஓசூர் தம்பிக்குச் சொன்ன சிக்கலுக்கு யாரோ நன்றாக யோசித்து எடுத்த முடிவு அது. உங்கள் எண்ணெய் விஜி 320 ஆக இருக்கும். 40 டிகிரியிலேயே 320 சென்டிஸ்டோக், காற்று இல்லாமல் நின்று ஆறிய கியர்பாக்ஸில் 25 டிகிரியில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அந்த நிலையில் 10 மைக்ரான் வழியே எண்ணெய் போகாது. அப்போது உள் வால்வு திறந்து, பைபாஸில் வெறுமனே விடாமல், 50 மைக்ரான் அடுக்கு வழியே விடும். கியர் பல்லிலிருந்து பெயர்ந்த பெரிய செதில் பேரிங்குக்குப் போகாது, பேரிங் எண்ணெய் இல்லாமல் காயவும் காயாது. சூடானதும் மொத்த எண்ணெயும் 10 மைக்ரான் வழியே போகும்.

எலிமென்ட்டை மாற்றும்போது சமமான அளவு என்று ஒற்றை அடுக்கு எலிமென்ட்டை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். பழைய எலிமென்ட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு மடிப்பை வெட்டி விரித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுக்கும் செதில் இருந்தால் மேலதிகாரிக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.

மதுரையிலிருந்து: 3 மைக்ரான் பில்டர் எண்ணெயில் உள்ள அடிட்டிவ்களையும் உறிஞ்சிவிடும் என்கிறார்களே?

பதில்: எண்ணெயில் கரைந்திருக்கும் அடிட்டிவ் மூலக்கூறு அளவில் இருக்கிறது, 3 மைக்ரான் ஓட்டை அதற்குக் கோபுர வாசல். விதிவிலக்கு உண்டு. கிராஃபைட், மாலிப்டினம் டைசல்ஃபைடு போலத் திடமாகக் கலந்தவை மாட்டிக்கொள்ளும். நுரை தடுக்கும் சிலிகான் கரையாமல் சொட்டாக மிதப்பதால் மிக நுண்ணிய பில்டரில் கொஞ்சம் குறையலாம். சாதாரண ஹைட்ராலிக் எண்ணெய்க்குக் கவலை வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து: எங்கள் ஆலையில் ஒரு கியர்பாக்ஸின் எண்ணெய் பால் போல இருக்கிறது. 25 மைக்ரானை எடுத்துவிட்டு 5 போட்டால் தெளியுமா?

பதில்: தெளியாது. அது தண்ணீர். மைக்ரான் எண்ணுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. சந்தேகம் என்றால் சூடான இரும்புத் தட்டில் ஒரு சொட்டு விடுங்கள், படபடவென்று வெடித்தால் தண்ணீர்தான். கண்ணாடி அணிந்துகொண்டு செய்யுங்கள். கொஞ்சம் தண்ணீர் என்றால் அதை உறிஞ்சும் தனி எலிமென்ட் கிடைக்கிறது. பால் நிறத்துக்கு வந்துவிட்டால் வெற்றிடத்தில் சூடாக்கித் தண்ணீரைப் பிரிக்கும் மெஷினை வாடகைக்கு எடுக்க வேண்டும், அல்லது எண்ணெயை மாற்ற வேண்டும். அதற்கு முன் கூலர் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் புது எண்ணெயும் ஒரு வாரத்தில் பாலாகும்.

கோவையிலிருந்து ஒரு ஃபவுண்டரி சூப்பர்வைசர்: நல்ல பீட்டா உள்ள 5 மைக்ரான் எலிமென்ட்தான் போடுகிறோம். ஆனால் இரண்டு மாதத்தில் அடைத்துவிடுகிறது. தயாரித்த கம்பெனியைக் கேட்டால் எலிமென்ட் சரியாக இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: எலிமென்ட் தன் வேலையைச் செய்கிறது, அதனால்தான் அடைக்கிறது. மணல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சிலிண்டர் உள்ளே வெளியே போகும்போது டேங்கில் எண்ணெய் மட்டம் ஏறி இறங்கும், டேங்க் மூச்சு விடும். மூடியில் இருக்கும் பிரீதர் 40 மைக்ரான் வலை என்றால் ஃபவுண்டரிக் காற்றில் மிதக்கும் சிலிகா முழுவதும் உள்ளே போகும். எண்ணெய்க்கு 5 மைக்ரான் பில்டர் என்றால் காற்றுக்கு 3 மைக்ரான் பிரீதர் போடுங்கள். எலிமென்ட்டின் விலையில் சின்னப் பங்குதான் ஆகும்.

பிறகு சிலிண்டர் தண்டைத் துடைத்து உள்ளே விடும் வைப்பர் சீல். உதடு கிழிந்திருந்தால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் மணலை உள்ளே இழுக்கும்.

மூன்றாவது, எண்ணெய் ஊற்றும் விதம். பேரலில் வரும் புது எண்ணெய் சுத்தமானது என்று நினைக்கிறோம். பல பேரல்கள் நான் மேலே சொன்ன 18/16/13-ஐத் தொடுவதில்லை. பில்டர் வண்டி (பம்பும் பில்டரும் பொருத்திய தள்ளுவண்டி) வழியாக நிரப்புங்கள், வாளியும் புனலும் வேண்டாம். டேங்கைத் துடைக்கப் பனியன் வேஸ்ட் உபயோகித்தால் அதன் நூல் உள்ளே நிற்கும், நூல் உதிராத துணி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் டேங்க் மேல் எண்ணெய் அளவுக் குச்சி போகும் துளையும் பார்க்க வேண்டும். நான் போன ஃபவுண்டரிகளில் பாதியில் அதன் மூடி தொலைந்து, துணி அடைத்து வைத்திருந்தார்கள்.